364இல் வெண்மணி இல்லை

கல்லூரி நூலகங்களில் குற்றவியலுக்கு எண் 364. தஞ்சையில் ஒரு கல்லூரியில் அந்த அலமாரியைத் துழாவினேன். திருட்டு இருக்கு, போதைப்பொருள் இருக்கு, சிறை நிர்வாகம் இருக்கு. வெண்மணி இல்லை. அது நாவல் வரிசையில், இந்திரா பார்த்தசாரதியின் ‘குருதிப்புன’லாக நிற்கிறது. எங்க சாவு அவங்களுக்குக் கதை.

1968 டிசம்பர் 25. கூலியில் அரைப்படி நெல் சேர்த்துக் கேட்ட கீழத்தஞ்சைச் சேரியில், ஒரே குடிசைக்குள் 44 பேர் எரிக்கப்பட்டார்கள். பெரும்பாலும் பெண்கள், குழந்தைகள். 1970இல் நாகப்பட்டினம் அமர்வு நீதிமன்றம் கோபாலகிருஷ்ண நாயுடு உள்ளிட்ட 8 பேருக்குப் பத்தாண்டு சிறை விதித்தது. 1973இல் சென்னை உயர்நீதிமன்றம் அத்தனை பேரையும் விடுவித்தது. காரணம்? கார் வைத்திருக்கும் மிராசுதார்கள், வேலையாட்கள் இருக்க, தாங்களே நடந்துபோய்த் தீ வைத்திருப்பார்கள் என்று நம்ப முடியலையாம். அதே இரவில் மிராசுதார் தரப்பு ஆள் ஒருவர் கொல்லப்பட்ட வழக்கில், கூலித் தொழிலாளிக்கு ஆயுள் தண்டனை.

வங்கியில் பற்றையும் வரவையும் எதிரெதிரே வைத்துத்தான் கணக்குப் பார்க்கிறோம். இந்த இரண்டு வழக்குகளையும் அப்படி வைத்துப் படியுங்கள். யார் சாட்சியை நம்பினார்கள், யாருடையதைத் தள்ளினார்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள்.

மாணவத் தோழர்களே, 1989 வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 4ஆம் பிரிவு, கடமையை வேண்டுமென்றே தட்டிக்கழிக்கும் அதிகாரிக்கும் சிறை என்கிறது. அதைப் படிச்சவன் ஸ்டேஷன் வாசலில் கைகட்டி நிற்க மாட்டான். முழக்கம் நம்மிடம் இருக்கு. ஆவணமும் வேணும். தீர்ப்புத் தொகுதிகளைக் கேட்டு வாங்கிப் படிங்க. இல்லைன்னா, வாங்கச் சொல்லிக் கையெழுத்துப் போட்டு மனுக் கொடுங்க.