சம்பளத்தைச் சம்பளமாகக் கொடுங்கள்

தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் 1,750 ரூபா ஆகிவிட்டது என்று மேடைக்கு மேடை சொல்லப்படுகிறது. ஆகவில்லை. 1,350ஆக இருந்த அடிப்படைச் சம்பளம் 1,550 ஆகியிருக்கிறது, அவ்வளவுதான். மிச்சம் 200 ரூபா, வேலைக்கு வந்த நாளுக்கு மட்டும் திறைசேரி கொடுக்கும் வருகைக் கொடுப்பனவு. 2025 நவம்பரில் வாசிக்கப்பட்ட வரவு செலவுத் திட்டத்தில் இதற்கென்று 500 கோடி ரூபா ஒதுக்கினார்கள். அன்றிலிருந்து இரண்டையும் ஒன்றாகக் கூட்டி ஒரே தொகையாக உச்சரிப்பதில் எல்லோருக்கும் ஒரு வசதி இருக்கிறது. கூட்டிச் சொல்பவர்களுக்கு நன்றாகத் தெரியும், அந்த இரண்டும் ஒன்றல்ல என்று.

அடிப்படைச் சம்பளத்தில் ஏறிய 200 ரூபாவை நாம் வரவேற்கிறோம். வருகையோடு கட்டிவைத்த 200 ரூபாவை வரவேற்க முடியவில்லை. இப்படிச் சொன்னால் தொழிலாளியின் வயிற்றில் அடிப்பதாகப் பழி வரும். வரட்டும். தொழிலாளியின் வயிற்றில் அடித்தே பழகிய ஏற்பாடு ஒன்று, புதைத்த குழியிலிருந்து தோண்டி எடுத்துவரப்பட்டிருக்கும்போது வாயை மூடிக்கொண்டிருக்க முடியாது.

ஆம், இது பழைய ஏற்பாடுதான். 2009 கூட்டு ஒப்பந்தத்தில் நாளுக்கு 405 ரூபா என்றார்கள். அதில் அடிப்படைச் சம்பளம் 285, வருகைக்கு 90, விலைப் பங்கு 30. 2011இல் 515 என்றார்கள். அடிப்படை 380, வருகைக்கு 105. 2013இல் 620 என்றார்கள். அடிப்படை 450, வருகைக்கு 140. வேலை கொடுத்த நாட்களில் முக்கால்வாசிக்கு மேல் வந்தால்தான் அந்தக் காசு. ஒரு நாள் குறைந்தாலும் அந்த மாதம் முழுவதற்கும் போய்விடும். 2016இல் 730. அதை நாலு கூறாக வெட்டினார்கள்: அடிப்படை 500, வருகைக்கு 60, கொழுந்தின் எடைக்கு 140, விலைப் பங்கு 30. 10ஆம் திகதி சம்பளத் துண்டைக் கையில் வாங்கிய எத்தனை பேர் அந்த 730ஐ முழுசாகக் கண்டார்கள்? மலையகத்தின் எந்த லயத்திலும் போய்க் கேட்கலாம். அந்த ஆத்திரம்தான் 2018இல் கொழும்பு காலிமுகத்திடல் வரைக்கும் வந்தது. கேட்ட 1,000 ரூபா கிடைக்கவில்லை. ஆனால் 2019 ஒப்பந்தத்தில் வருகைக் காசும் எடைக் காசும் ஒழிந்து, அடிப்படைச் சம்பளம் 700 ஆனது. அந்தப் போராட்டத்தில் மிஞ்சிய ஒரே நல்ல காரியம் அதுதான். அதையும் இப்போது பறித்துவிட்டார்கள். பறித்தவர்கள், அந்த நாட்களில் தொழிலாளியின் பக்கம் நின்று கொடி பிடித்தவர்கள் என்பதை நினைக்கையில் வேதனை இன்னும் கூடுகிறது.

வருகைக் காசு யாரைத் தண்டிக்கிறது என்று பார்க்க வேண்டும். காலை ஏழு மணிக்கு முன்பே பெரட்டு, வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் நேரம். இரவு முழுக்கக் காய்ச்சலில் அனத்திய பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு ஒரு தாய் கணக்குப் போடுகிறாள். பிள்ளைமடுவத்தில் காய்ச்சல்காரப் பிள்ளையை எடுக்கமாட்டார்கள். தோட்டத்து டிஸ்பென்சரியில் மருந்துக்கலவை கொடுக்கிறவர் வருவாரா என்பது நிச்சயமில்லை. நகரத்து ஆஸ்பத்திரிக்குப் போவதென்றால் முச்சக்கர வண்டிக் காசு, அதோடு அன்றைய பேரும், அதாவது நாட்சம்பளமும், போகும். முன்பும் பேர் போனது. இப்போது அதற்கு மேல் 200 ரூபாவும் போகும். பிள்ளையைப் பார்ப்பதா, பெரட்டுக்குப் போவதா என்ற கேள்விக்கு அரசாங்கம் தன் பங்குக்கு ஒரு விலை வைத்திருக்கிறது.

மலையில் குளவி கொட்டி ஆஸ்பத்திரியில் கிடப்பவருக்கு வருகை இல்லை. மாதவிடாய் வலியில் சரிவான மலையில் கூடை சுமந்து ஏற முடியாதவளுக்கு வருகை இல்லை. 84 நாள் பிரசவ லீவில் இருப்பவளுக்கு வருகை ஏது? வராத நாளுக்கு இல்லை என்பதுதான் இந்தக் காசின் நிபந்தனை. காசு மிகவும் தேவைப்படும் நாட்களில் பார்த்து விலகிக்கொள்ளும் உதவியை உதவி என்று எப்படி ஏற்பது?

நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரமில்லாதவர்கள் நூற்றுக்கு 17 பேர். தோட்டங்களில் 32 பேர். 2016ஆம் ஆண்டின் குடிசன சுகாதார ஆய்வு சொன்ன கணக்கு இது. மூன்றில் ஒரு பிள்ளை. அந்தப் பிள்ளையின் தாய் கர்ப்பத்தின் எத்தனையாவது மாதம் வரை கொழுந்துக் கூடை சுமந்தாள், பிரசவத்துக்குப் பின் எத்தனை சீக்கிரம் மலைக்குத் திரும்பினாள் என்பதற்கும் இந்த 32க்கும் தொடர்பு இல்லையென்று எந்த வைத்தியரும் சொல்லமாட்டார். உடம்பு தேறுமுன் பெரட்டுக்கு இழுக்கும் எந்தக் காசும் அந்த எண்ணைக் குறைக்கப் போவதில்லை.

வருகையை யார் பதிகிறார்கள் என்பது அடுத்தது. தோட்டத்து வருகை ஏடான செக்ரோல்தான் சாட்சி. அதில் பேர் விழுவது ஆள் வந்ததைப் பார்த்து மட்டுமல்ல, கிலோவைப் பார்த்து. 18 கிலோ என்கிற தோட்டமும் உண்டு, 20க்கு மேல் கேட்கிற தோட்டமும் உண்டு. மடுவத்தில் தராசுக்கு முன்னால் நின்றால் சாக்குக்கு இவ்வளவு, ஈரத்துக்கு இவ்வளவு என்று கழிவு. கழித்தபின் கிலோ குறைந்தால் அரைப்பேர். காலையில் வந்து மாலை வரை மலையில் நின்றவள் பாதி நாள் வந்தவளாக ஏட்டில் ஏறுகிறாள். இந்த ஏட்டை நம்பித்தான் மக்களின் வரிப்பணம் 500 கோடி பங்கிடப்படப் போகிறது. அரசாங்கத்தின் காசு தொழிலாளிக்குப் போவதா வேண்டாமா என்பதைக் கம்பனியின் கணக்கப்பிள்ளை கையில் ஒப்படைத்திருக்கிறார்கள். வறட்சி மாதங்களில் கொழுந்து இல்லையென்று வாரத்துக்கு மூன்று நாள் மட்டுமே வேலை கொடுக்கும் தோட்டங்களில், வராத குற்றம் யாருடையது?

இனி, சேராமல் போகிற காசைப் பார்ப்போம். அடிப்படைச் சம்பளத்தில் 200 ரூபா சேர்ந்திருந்தால், ஊழியர் சேமலாப நிதிக்குக் கம்பனி 12 வீதமும், நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு 3 வீதமும் கட்டியாக வேண்டும். நாளுக்கு 30 ரூபா. மாதம் 25 நாள் வேலை செய்தால் 750, வருடத்துக்கு 9,000. சேவைக்காலப் பணத்தை எடுத்துக்கொண்டால், நாட்கூலித் தொழிலாளிக்கு வருடத்துக்கு 14 நாள் சம்பளம் என்பது சட்டம். 30 வருடம் உழைத்துவிட்டு ஓய்வு பெறுபவருக்கு இந்த 200 ரூபாவால் 84,000 ரூபா கூடுதலாக வந்திருக்க வேண்டும். வராது. வருகைக் கொடுப்பனவு சம்பளமல்ல. இடுப்பொடிந்து லயத்து இஸ்தோப்பில் உட்காரும் காலத்தில் அந்தக் கிழவிக்குக் கஞ்சி ஊற்றியிருக்கக்கூடிய காசு அது. இந்த 200இல் கம்பனிகள் ஒரு சதமும் கொடுக்காமல் தப்பித்துக்கொண்டன. தப்பிக்க வழி செய்து கொடுத்தது அரசாங்கம். 2026ஆம் வருடத்துக்கு ஒதுக்கினார்கள்; அடுத்த வருடம் திறைசேரியில் நெருக்கடி என்றால்? சம்பளத்தைக் குறைக்கச் சட்டம் இடங்கொடாது. கொடுப்பனவை நிறுத்த ஒரு கடிதம் போதும்.

தோட்டத்து வாழ்க்கை பெரட்டும் தராசும் மட்டுமல்ல. லயத்தில் ஒரு சாவு விழுந்தால் அன்று மலைக்குப் போகாத வழக்கம் இன்னும் பல இடங்களில் இருக்கிறது. பாடை கட்டவும், குழி வெட்டவும், அழுகிறவர்களுக்குத் தேத்தண்ணி ஊற்றவும் லயமே எழுந்து நிற்கும். வேறு எந்தக் காப்புறுதியும் இல்லாத மக்கள் தமக்குத் தாமே வைத்துக்கொண்ட காப்புறுதி அது. மாசியில் காமன் நட்டு இரவிரவாகக் கூத்தாடியவன் மறுநாள் விடியலில் கவ்வாத்துக் கத்தியோடு நிற்க முடியாது. மாரியம்மன் திருவிழாவுக்குக் கரகம் எடுப்பவள் அன்று கூடையை இறக்கிவைக்கத்தான் வேண்டும். இருநூறு வருடமாக இந்த மக்களை மனிதர்களாக வைத்திருந்தவை இவைதான். ஒவ்வொன்றுக்கும் இப்போது 200 ரூபா அபராதம். பக்கத்து வீட்டுச் சாவுக்குப் போவதா என்று ஒருத்தியை யோசிக்க வைத்த பெருமை இந்த வரவு செலவுத் திட்டத்தையே சேரும் என்றால், அதை எழுதியவர்கள் வெட்கப்பட வேண்டும்.

அரசாங்கங்கள் இப்படிச் செய்வது முதல் தடவையா? 1,000 ரூபா என்ற கோரிக்கையின் கதையை மறந்துவிட்டோமா? தேர்தலுக்குத் தேர்தல் வாக்குறுதி கொடுத்து, இழுத்து இழுத்து, 2021 மார்ச்சில்தான் சம்பள நிர்ணய சபை வழியாக வர்த்தமானியில் வந்தது. அதிலும் 900 சம்பளம், 100 நிவாரணப்படி. கம்பனிகள் கூட்டு ஒப்பந்தத்தை உதறிவிட்டு நீதிமன்றம் ஏறின. ஒப்பந்தத்தோடு கிலோவுக்கு இருந்த கட்டுப்பாடும் போனது. கையில் 1,000 கிடைக்குமுன் கூடையில் இரண்டு கிலோ ஏறியது. அதைத் தடுக்க எவரும் ஒரு விரலை அசைக்கவில்லை.

2024 மே தினத்தில் கொட்டகலை மேடையில் 1,700 ரூபா என்று அறிவித்தார்கள். கைதட்டல் மலையைப் பிளந்தது. அதுவும் இரண்டு துண்டுதான்: 1,350 சம்பளம், 350 விசேட கொடுப்பனவு. ஜூலையில் உயர் நீதிமன்றத்தின் இடைக்காலத் தடை. கடைசியில் 1,350 மட்டும் தங்கியது. 350 போன இடம் தெரியவில்லை. அதற்குப் பதில் கூடுதல் கிலோவுக்கு 50 ரூபா என்றார்கள். ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரிதான். பெரிய தொகையொன்றை மேடையில் சொல்வது, அதை இரண்டாக வெட்டுவது, இரண்டாவது துண்டை வழியில் தொலைப்பது. அரசாங்கங்கள் மாறின, கட்சிக் கொடிகளின் நிறம் மாறியது, நாற்காலிகளில் இருந்தவர்கள் மாறினார்கள். இந்தப் பழக்கம் மட்டும் மாறவில்லை.

வீட்டுக் கதையும் இதே கதைதான். 2017இல் இந்தியப் பிரதமர் நோர்வூட் வந்து 10,000 வீடுகள் அறிவித்துவிட்டுப் போனார். இங்கிருப்பவர்கள் அடிக்கல்லை நடுவதற்கே வருடங்களை விழுங்கினார்கள். ஏழு பேர்ச் காணியா பத்து பேர்ச் காணியா என்று விவாதம் நடந்த காலத்தில் ஒரு தலைமுறை லயத்துக்குள்ளேயே மூப்படைந்தது. 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை மக்கள் நடந்தே போனார்கள், இருநூறு வருடத்துக்கு முன் தம் முன்னோர் விழுந்து செத்த வழியில். காணி கேட்டார்கள், சம்பளம் கேட்டார்கள், கௌரவம் கேட்டார்கள். மேடைகளில் எல்லோரும் தலையாட்டினார்கள். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் மலையை உடைத்து இறக்கியபோது, அதே லயங்களின் கூரைகளுக்கு மேல்தான் மண் விழுந்தது. இடிந்த காம்பராவுக்கு உரிமைப் பத்திரம் எங்கே என்று கேட்டால் என்ன காட்டுவார்கள்? கொடுக்க வேண்டியவர்கள் கொடுக்கவில்லையே.

சேறு காயாத அந்த மலைகளில், பாதை அறுந்து, பாடசாலைக் கட்டடத்தில் பாய் விரித்துப் படுத்திருந்தவர்களும் இதே செக்ரோலில் பேருள்ள தொழிலாளிகள்தான். அவர்கள் பெரட்டுக்கு வராத நாட்களுக்கு இந்த வருகைக் கொடுப்பனவின் கணக்கில் என்ன பெயர்?

கம்பனிகளின் நட்டக்கணக்கைக் கேட்டுக் கேட்டு நமக்குக் காது புளித்துப் போய்விட்டது. கொழும்பு ஏலத்தில் தேயிலை விலை ஏறினாலும் நட்டம், இறங்கினாலும் நட்டம். 1992இல் தோட்டங்களைக் கையேற்ற நாளிலிருந்து பாடும் பாட்டு அது. கம்பனிகளிடம் உறுதியாகப் பேச முடியாதவர்கள் அரசாங்கத்தின் பெட்டியைத் திறந்து 500 கோடியை எடுத்து வைத்தார்கள். அதன் மூலம் கம்பனிகளுக்குச் சொன்ன சேதி, நீங்கள் மறுத்தால் மிச்சத்தை நாங்கள் போடுவோம் என்பதுதான். அடுத்த பேச்சுவார்த்தையில் கம்பனிகள் இன்னும் கொஞ்சம் பிடிவாதமாக உட்காருவதற்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

செய்ய வேண்டியது என்னவென்று எல்லோருக்கும் தெரியும். இந்த 200 ரூபாவை அடிப்படைச் சம்பளத்துக்குள் கொண்டுவர வழி காண வேண்டும். தொழிற்சங்கங்களும் தம் சந்தாக் கணக்குச் சண்டைகளை ஓரம் வைத்துவிட்டு ஒரே மேசைக்கு வரவேண்டும். சம்பள நிர்ணய சபையும், வேண்டுமென்றால் பாராளுமன்றமும், கம்பனிகளைக் கூப்பிட்டு முகத்துக்கு நேராகப் பேச வேண்டும். அந்தப் பேச்சு முடியும்வரை, பிரசவத்திலும் நோயிலும் சாவிலும் வராமல் போன நாளுக்கு இந்தக் காசைப் பிடிக்கக்கூடாது என்று ஒரு சுற்றறிக்கையாவது எழுதலாம். அதற்கு வர்த்தமானியும் வேண்டாம், மேடையும் வேண்டாம். இந்த மாதச் சம்பளம் போடுமுன் அது தோட்டத்துக் காரியாலயங்களுக்குப் போய்ச் சேர வேண்டும்.