வண்டியின் நாக்கு

சித்த வைத்தியர் எட்டு விதமாகப் பரீட்சை செய்வார் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். நாடி பார்ப்பது ஒன்று, நாக்கைப் பார்ப்பது ஒன்று, நிறத்தைப் பார்ப்பது ஒன்று. பெட்ரோல் வண்டிக்கும் ஒரு நாக்கு உண்டு. என்ஜின் தலையில் முடுக்கியிருக்கும் ஸ்பார்க் பிளக்தான் அது. உள்ளே நெருப்பு எப்படி எரிகிறது என்பதை அதன் முனையில் படியும் நிறம் சொல்லிவிடும்.

இந்தப் பாடம் எனக்குக் கிடைத்த இடம் நாமக்கல். லாரி ஊரில் பிளக் பாடமா என்று கேட்பீர்கள். வாஸ்தவம்தான், டீசல் லாரிக்கு ஸ்பார்க் பிளக் கிடையாது. அங்கே புகையைப் பார்த்துத்தான் ஜோசியம். ஆனால் முட்டைத் தட்டுகளைச் சுமந்து அலையும் பைக்குகளும் அவ்வூரில் ஏராளம். என் தங்கை கணவரிடமும் ஒன்று இருந்தது. கார்புரேட்டர் வைத்த பழைய நான்கு ஸ்ட்ரோக் பைக். திடீரென்று அதற்கு இழுவை குறைந்தது; கரும்புகை தள்ளியது; பெட்ரோலையும் குடித்தது. "ரிங் போச்சு, என்ஜினைப் பிரித்துப் போர் பண்ண வேண்டும்" என்று ஒரு பட்டறையில் தீர்ப்பாகிவிட்டது. தங்கையின் வளையல் அடகுக் கடைக்குக் கிளம்பத் தயார்.

அதற்குள் வேறொரு பெரியவரிடம் போனோம். "மொதல்ல பிளக்கைப் பார்க்கலாம் கண்ணு. அஞ்சு கிலோமீட்டர் ஒரே வேகத்துல ஓட்டிட்டு வா. வந்ததும் கிளட்சைப் புடிச்சு உடனே நிறுத்திப்போடு" என்றார். நின்ற இடத்தில் சும்மா உறுமவிட்டால் பிளக்கில் கரி ஏறி, பொய் சொல்லுமாம். என்ஜின் ஆறிய பிறகே கழற்றினார். சூட்டோடு திருகினால் அலுமினியத் தலையின் மரை பிய்ந்துவிடும்.

முனை வெளிறிய பழுப்பாக இருந்தால் க்ஷேமம். பெட்ரோலில் ஈயம் கலப்பது 2000-ல் நாடெங்கும் நின்றுபோன பிறகு அந்தப் பழுப்பும் மங்கலாகத்தான் தெரிகிறது. பவுடர் போல் உலர்ந்த கரி என்றால் பெட்ரோல் அதிகம், காற்றுக் குறைவு. பிசுபிசுவென்று எண்ணெய் மினுங்கினால்தான் ரிங் மீதோ வால்வு சீல் மீதோ சந்தேகப்பட வேண்டும். சுண்ணாம்பாய் வெளுத்துக் கொப்புளம் கண்டிருந்தால் உஷார்! உள்ளே சூடு எல்லை மீறுகிறது. பெட்ரோல் வரும் வழி அடைத்திருக்கலாம். எங்கேயோ கள்ளக் காற்று புகுந்திருக்கலாம். கவனிக்காவிட்டால் பிஸ்டனே உருகி ஓட்டை விழும். கரியாவது காசோடு போகும். இது என்ஜினையே கொண்டுபோகும்.

நிறத்தைப் பார்க்காமலே உப்புத்தாளால் பிளக்கைத் தேய்த்துப் பளபளப்பாக்கித் தருகிறவர்களைக் கண்டால் எனக்குக் கோபம் வருகிறது. சாட்சியை அல்லவா அழித்துவிடுகிறார்கள்!

இடத்தையும் யோசிக்க வேண்டும். சேலத்தில் பழுப்பாக இருந்த பிளக், இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி ஏற்காடு போனால் சற்றுக் கறுக்கும். ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரத்தில் காற்று மெலிது. கார்புரேட்டருக்கு அது தெரியாது, சமவெளிக் கணக்கிலேயே பெட்ரோல் ஊற்றும். 2020-க்குப் பிறகு வந்த வண்டிகளில் பெரும்பாலும் கம்ப்யூட்டரே அளவைத் திருத்திக்கொள்கிறது.

எங்கள் பிளக்? பெரியவர் விரலால் தொட்டார். உலர்ந்த கரி விரலில் ஒட்டியது; எண்ணெய்ப் பிசுக்கு இல்லை. பேசாமல் ஏர் ஃபில்டரைக் கழற்றித் தரையில் தட்டினார். செம்மண்ணும் கோழித் தீவனத் தூளும் பொலபொலவென்று கொட்டின.

"கோழி தின்னது போக மிச்சத்தை வண்டி தின்னிருக்குது" என்றார் பெரியவர். புது ஃபில்டர் போட்டுக்கொண்டு திரும்பினோம். வளையல் தங்கை கையிலேயே இருக்கிறது.