மெல்லத் தூண்டலாம், வழியை மறிக்கக் கூடாது

பக்கத்தில் இருப்பவரை முழங்கையால் லேசாக இடித்து, ‘அதைக் கவனி’ என்று சொல்லாமல் சொல்வதுதான் ஆங்கிலத்தில் ‘நட்ஜ்’. அதில் கட்டளையும் இல்லை, கெஞ்சலும் இல்லை. பேச்சுவழக்கில் இருந்த இந்த வினைச்சொல் அரசுக் கோப்புகளில் ஏறக் காரணம், 2008-ல் அதையே தலைப்பாகக் கொண்டு வந்த ஒரு நூல். எழுதியவர்கள் பொருளாதாரப் பேராசிரியர் ரிச்சர்ட் தேலரும் சட்டப் பேராசிரியர் காஸ் சன்ஸ்டீனும். எதையும் தடை செய்ய வேண்டாம், பெரிய சலுகையும் வேண்டாம். தேர்வுகளை முன்வைக்கும் விதத்தை மாற்றினாலே மக்களின் முடிவு மாறும் என்றார்கள். மறுப்பது எளிதாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனையையும் சேர்த்தே சொன்னார்கள். தேலருக்கு 2017-ல் நோபல் பரிசு கிடைத்தது.

பிரிட்டனின் ஓய்வூதியத் திட்டம் இதற்கு நல்ல சான்று. சேர விரும்பும் ஊழியர் தானே முன்வந்து சேர வேண்டும் என்றிருந்தபோது, ‘அப்புறம் பார்க்கலாம்’ என்று பலர் தள்ளிப்போட்டார்கள். 2012 முதல் தகுதியுள்ள ஊழியரைச் சேர்ப்பது நிறுவனத்தின் கடமையாயிற்று. வேண்டாம் என்பவர் விலகிக்கொள்ளலாம். ஒரு கோடிக்கும் மேற்பட்டோர் சேமிப்புக்குள் வந்தார்கள். விலகியவர்கள் ஏறத்தாழ பத்தில் ஒருவர்தான்.

இந்த வெற்றியைப் பார்த்து, படிவத்தை மாற்றினால் எல்லாம் மாறிவிடும் என்று நம்பும் அரசுகள் ஸ்பெயினைப் பார்க்க வேண்டும். மறுப்புத் தெரிவிக்காதவர் எல்லோரும் உறுப்புக் கொடையாளர் என்று அங்கே 1979-லேயே சட்டம் வந்துவிட்டது. ஆனால், 1989-ல் தேசிய உறுப்பு மாற்று அமைப்பு உருவாகி, மருத்துவமனைதோறும் ஒருங்கிணைப்பாளர்கள் அமர்த்தப்பட்டு, துக்கத்தில் இருக்கும் குடும்பத்தாரோடு பேச அவர்களுக்குப் பயிற்சி தரப்பட்ட பிறகுதான் கொடை பெருகியது. குடும்பத்தின் சம்மதம் அங்கே இன்றும் கேட்கப்படுகிறது.

உறுப்பு தானம் செய்வோரின் இறுதிச் சடங்கு அரசு மரியாதையுடன் நடக்கும் என்று தமிழ்நாடு அரசு 2023 செப்டம்பரில் அறிவித்ததும் நல்லதொரு தூண்டுதலே. யாரையும் கட்டாயப்படுத்தாமல், கொடுத்த குடும்பத்தை ஊரறிய மதிக்கிறது அது. 2008 முதல் இங்கே நடந்துவரும் உறுப்பு மாற்றுத் திட்டம் அதற்குப் பின்பலமாக இருக்கிறது.

வணிக நிறுவனங்கள் செய்வது வேறு. பொருளோடு காப்பீட்டையோ நன்கொடையையோ கேட்காமலே பட்டியலில் சேர்க்கிறார்கள். சந்தாவில் சேர ஒரு தொடுதல் போதும். விலக வேண்டுமானால் பத்துப் பக்கம் தேட வேண்டும். ‘இன்னும் இரண்டே அறைகள்’ என்று பொய்யாக அவசரப்படுத்துகிறார்கள். இதைத் தூண்டுதல் என்று அழைப்பதே தவறு. மறுக்கும் வழியை அடைத்த பிறகு அது பறிப்புதான். தேலரே 2018-ல் இத்தகைய தடைகளைக் கண்டித்து எழுதினார். இந்தியாவில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரில் இப்படிப்பட்ட 13 உத்திகளைப் பட்டியலிட்டுத் தடை செய்தது. தடை தாளோடு நின்றுவிடாமல் இருக்க, புகார்கள் போய்ச் சேர வேண்டும்.

பணம் செலுத்தும் முன் பட்டியலை ஒருமுறை முழுதாகப் படியுங்கள். கேட்காத எதுவும் அதில் இருந்தால், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைத்துப் புகார் பதிவு செய்யுங்கள்.