அவரவர் வேகம்

கல்லூரிக்குள் காலடி வைக்கும் பிள்ளைகள் அல்ஜீப்ராவைப் புதுப்பித்துக்கொள்ள இணையத்தில் பாடம் வைக்கிறார்கள். வாத்தியார் கிடையாது, மணியும் கிடையாது. 'உன் வேகத்தில் படித்துக்கொள்' என்கிறார்கள். கேட்க இனிமையாகத்தான் இருக்கிறது!

வியாதி எங்கே பிறந்தது? ஈருறுப்புத் தேற்றமும் பகுதிப் பின்னமும் பதினோராம் வகுப்புப் பாடம். அந்த வகுப்பையே விழுங்கிவிட்டு, இரண்டு வருஷமும் பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தை உருப்போட வைத்த தனியார் பள்ளிகள் தமிழ்நாட்டில் பல. அதைத் தடுக்கவே 2018-இல் பதினோராம் வகுப்புக்கும் பொதுத் தேர்வு வந்தது. 2025-இல் அதுவும் போயிற்று.

படித்து மறந்தவனுக்கு இணையப் பாடம் நல்ல துணை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் உசிலம்பட்டியிலிருந்தும் மேலூரிலிருந்தும் மதுரைக்குப் பஸ் ஏறி வருகிறானே, குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரியைக் காண்கிறவன், அவன் குறை மறதியா? அவனுக்கு யாரும் கற்பிக்கவே இல்லை, ஐயா!

மூன்றையும் நான்கையும் கூட்டி வர்க்கமாக்கினால் 49. தனித்தனியே வர்க்கமாக்கிக் கூட்டினால் 25. இரண்டும் ஒன்றென்று எழுதுகிற பையனுக்கு இயந்திரம் 'தவறு' என்று சொல்லும். விட்டுப்போன 24 எங்கே ஒளிந்திருக்கிறது என்று அவன் தாளைப் பார்த்துக் காட்ட, பக்கத்தில் ஒரு மனிதர் வேண்டாமா? நீந்தத் தெரியாதவனைத் தெப்பக்குளத்தில் தள்ளிவிட்டு, 'நிதானமாக வா' என்பதா கல்வி?

முதல் மாதம் முழுவதும் ஆசிரியரையும் கரும்பலகையையும் கொடுங்கள். இணையம் பிறகு வரட்டும். செலவாகும் என்பீர்கள். முதல் வருஷக் கணக்கில் தோற்று ஊர் திரும்புகிற பிள்ளையின் செலவை யார் கணக்கில் எழுதுவது?