அன்றாடம் என்னும் அப்பம்

மாலை ஐந்து மணி. ஆய்வறையில் ஒரு மாணவர் ஹெட்போனை மாட்டிக்கொண்டு களப்பணிப் பதிவொன்றைக் கேட்டுக்கொண்டிருக்கிறார். ஒரு தொடரைக் கேட்பது, நிறுத்துவது, மீண்டும் கேட்பது, ஒலிபெயர்ப்பது, சொற்களை உருபன்களாகப் பகுத்துப் பொருள் குறிப்பது. ஒரு மணி நேரப் பேச்சுக்கு இவ்வாறு பல நாள்கள் செலவாகும். நேற்றும் இதே வேலை. நாளையும் இதே வேலை. முதலாண்டில் ஒவ்வொரு வேற்றுமை உருபும் வியப்பளித்தது. மூன்றாம் ஆண்டில் அதே உருபு வெறும் எண்ணிக்கையாகிவிட்டது. வேலை கடினமாக இருப்பதன்று அவருடைய துயரம்; அது பொருளற்றதாகத் தோன்றுவதுதான்.

இத்தகைய சலிப்புக்கு இன்று கிடைக்கும் அறிவுரைகள் பெரும்பாலும் ஒரே திசையைக் காட்டுகின்றன: ஊர் மாறுக, தலைப்பை மாற்றுக, புதியதொன்றைத் தொடங்குக. ஓய்வும் மாற்றமும் வேண்டியவையே. ஆனால் சலிப்பு மனிதனோடு சேர்ந்தே பயணம் செய்கிறது என்பதைக் கிறித்தவ மரபு மிகப் பழங்காலத்திலேயே கண்டுகொண்டது.

நான்காம் நூற்றாண்டில் எகிப்தியப் பாலைநிலத்தில் வாழ்ந்த எவாகிரியுஸ் என்னும் துறவி இந்நோயைக் கூர்ந்து கவனித்து எழுதியிருக்கிறார். நண்பகல் நெருங்கும்போது துறவிக்குக் கதிரவன் நகராமல் நிற்பதுபோல் தோன்றுமாம். நாள் ஐம்பது மணி நேரமாக நீளுமாம். அவர் அடிக்கடி சாளரத்தைப் பார்ப்பார். வெளியே வந்து உணவு வேளைக்கு இன்னும் எவ்வளவு நேரம் இருக்கிறது என்று அளப்பார். வேறோர் இடத்தில் இருந்தால் இதைவிடச் சிறப்பாக வாழலாமே என்று எண்ணுவார். இதற்கு அவர்கள் வழங்கிய பெயர் அக்கேதியா. அக்கிரேக்கச் சொல்லின் உறுப்புகளைப் பிரித்தால் கிடைக்கும் பொருள் 'அக்கறையின்மை'. இப்பெயரே நோயின் வேரைக் காட்டிவிடுகிறது. வேலை திரும்பத் திரும்ப வருவது நோயன்று. அவ்வேலையின்மீது இருந்த அன்பு வற்றிப்போவதே நோய். அத்துறவிகள் கண்ட மருந்தும் அதற்கேற்றதே: அறையை விட்டு ஓடாதிருத்தல், கைவேலையைத் தொடர்தல், ஜெபித்தல்.

வேதாகமமும் சலிப்பை மறைக்கவில்லை. வனாந்தரத்தில் இஸ்ரவேலருக்கு நாள்தோறும் மன்னா கிடைத்தது. அன்றன்றைக்கு வேண்டியதை அன்றன்றே சேர்க்க வேண்டும். ஓய்வுநாளுக்கென்று வைத்தது தவிர, மறுநாளுக்குச் சேமித்தது புழுத்துப்போனது. ஆனால் எண்ணாகமம் பதினோராம் அதிகாரத்தில் அம்மக்கள் மன்னாவைக் கண்டே சலித்து அழுகிறார்கள். எகிப்தின் மீன், வெள்ளரி, வெங்காயம், பூண்டு எல்லாம் நினைவுக்கு வருகின்றன. அங்கே தாங்கள் அடிமைகளாக இருந்தது மட்டும் நினைவில் வரவில்லை. சலிப்பு நினைவைத் திரிக்கும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று அரிது. மன்னா மாறவில்லை, அதைக் கொடையாகக் காணும் கண் மங்கிவிட்டது.

விசுவாசம் திருத்துவது இந்தக் கண்ணையே. இயேசு ஏறத்தாழ முப்பது வயதில் ஊழியத்தைத் தொடங்கினார் என்கிறது லூக்கா நற்செய்தி. அதற்கு முந்தைய ஆண்டுகளைப் பற்றி நற்செய்திகள் கூறுவது மிகச் சில செய்திகளே. தச்சர் என்று ஊரார் அறிந்திருந்த ஒருவருடைய நாள்கள் அவை. தேவன் மனிதனாக வாழ்ந்தார் என்று நம்புகிறவருக்கு, எழுதப்படாத அந்த நாள்களும் அவருடைய வாழ்வே. ஆகவே கவனிக்கப்படாத நாள் வீணான நாள் என்று அவரால் சொல்ல இயலாது.

இந்திய மொழியாய்வின் வரலாற்றிலேயே இதற்கொரு சான்று உண்டு. 1793-இல் வங்காளம் வந்த வில்லியம் கேரி, 1834-இல் செராம்பூரில் இறக்கும்வரை தாய்நாடு திரும்பவில்லை. இலக்கணம், அகராதி, மொழிபெயர்ப்பு, மெய்ப்புத் திருத்தம் என்பனவே அவருடைய நாள்கள். 1812 மார்ச் 11 அன்று செராம்பூர் அச்சகம் தீப்பற்றியது. பன்மொழி அகராதியின் கையெழுத்துப்படியும் இலக்கண நூல்களின் படிகளும் சாம்பலாயின. தப்பிய அச்சு மூலங்களையும் உருகிக் கிடந்த உலோகத்தையும் கொண்டு எழுத்துகள் மீண்டும் வார்க்கப்பட்டன. கேரி மீண்டும் முதல் பக்கத்திலிருந்து தொடங்கினார். புதுமையின் கவர்ச்சி அவரை அங்கே அமர்த்தியிருக்க முடியாது. ஏற்கெனவே செய்த வேலையை மறுபடி செய்வதில் என்ன புதுமை இருக்கிறது?

ஆயினும் அவ்வரலாற்றை முழுமையாகச் சொல்ல வேண்டும். அந்த எழுத்துகளுக்குப் பின்னால் பஞ்சானன் கர்மகார் போன்ற கைவினைஞர்களின் உழைப்பும் பண்டிதர்களின் புலமையும் இருந்தன. கேரியின் மனைவி டோரதி, 1794-இல் மகன் பீட்டரை இழந்த துயரத்துக்குப் பின் மனநோய்க்கு ஆளாகி, 1807-இல் இறந்தார். ஒருவருடைய விடாமுயற்சி அருகில் இருப்பவரின் நோயை ஆற்றிவிடாது. சலிப்பு வேறு, மனச்சோர்வு நோய் வேறு. உறக்கமும் பசியும் கெட்டு, வாழும் விருப்பமே குன்றியவருக்கு ஜெபத்தோடு மருத்துவரும் தேவை. அவரை விசுவாசக் குறைவுள்ளவர் என்று சபையார் சொல்வது பெரும் பிழை.

மற்றொரு பிழையும் உண்டு. உதவித்தொகையைத் தாமதப்படுத்தி, சொந்தப் பணிகளை மாணவர்மீது சுமத்திவிட்டு, பொறுமையைப் போதிப்பது அறமன்று. எகிப்தின் செங்கல் வேலையைச் சகித்துக்கொள்ளுமாறு தேவன் இஸ்ரவேலருக்குக் கட்டளையிடவில்லை. அதிலிருந்து அவர்களை மீட்டார். மன்னா சேர்ப்பது ஒரு வழக்கம். செங்கல் சுமப்பது வேறொரு வழக்கம். இரண்டையும் பிரித்தறிவதும் விசுவாசத்தின் பணியே.

பரமண்டல ஜெபத்தில் உணவுக்கு அடைமொழியாக வரும் 'எபியூசியோஸ்' என்னும் கிரேக்கச் சொல் ஆய்வாளர்களுக்கு இன்றும் புதிர். நற்செய்தியாளர்களே அதை ஆக்கியிருக்க வேண்டும் என்று மூன்றாம் நூற்றாண்டிலேயே ஓரிகன் கருதினார். ஜெரோம் அதனை லூக்காவில் 'அன்றாடம்' என்னும் பொருளிலும், மத்தேயுவில் 'இயல்பைக் கடந்தது' என்னும் பொருளிலும் பெயர்த்தார். மொழியியல் இவற்றுள் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கலாம். வாழ்க்கைக்கு அந்தக் கட்டாயம் இல்லை. அன்றாட அப்பமே இயல்பைக் கடந்த அப்பமாகவும் இருக்கக்கூடும்.

அந்த மாணவர் நாளையும் அதே பதிவைக் கேட்பார். அப்பதிவில் பேசுபவர் அநேகமாக ஒரு முதியவர். தம் மொழியை ஓர் அந்நியரிடம் நம்பி ஒப்படைத்தவர். அவருடைய ஒவ்வொரு சொல்லும் அன்றைக்குக் கிடைத்த கொடை என்று எண்ணத் தொடங்கினால், வேலை குறையாது. அக்கறை திரும்பிவரும்.