பேக்குக்குள் ஒரு குட்டித் துப்பாக்கி: வாங்கலாமா, வேணாமா?

ஒத்தக்கடையில் என் தோழி ஒருத்தி இருக்கிறாள். இலந்தைக்குளம் ஐடி பார்க் பக்கம் வேலை. ஷிப்ட் முடிந்து ஸ்கூட்டியில் வீடு வந்து சேர ராத்திரி பதினொன்றரை ஆகிவிடும். போன வாரம் டீக்கடையில் உட்கார்ந்திருந்தபோது போனை என் பக்கம் திருப்பிக் காட்டினாள். அமெரிக்காவில் ஒரு பெண் ஹேண்ட்பேக்கில் இருந்து உள்ளங்கை அளவு பிஸ்டலை எடுத்துக் காட்டும் ரீல்ஸ்.

"ஏய், இதுல ஒண்ணு வாங்கி பேக்ல போட்டுக்கிட்டா என்னடி? நம்ம ஊர்ல கிடைக்குமா? எது நல்லது?"

சிரித்துவிட்டு நகர்ந்திருக்கலாம். ஆனால் அவள் கேட்டது விளையாட்டுக்கு இல்லை. அதற்கு முந்தின வாரம் இருட்டு ரோட்டில் ஒரு பைக் அவளைக் கொஞ்ச தூரம் பின்தொடர்ந்து வந்திருக்கிறது. அதனால் அவள் கேள்விக்கு ஒழுங்காகவே பதில் சொல்லிப் பார்ப்போம்.

இந்தியாவில் அப்படி ஒன்று விற்கிறதா?

விற்கிறது. டெல்லியில் 2012 டிசம்பரில் நடந்த கொடூரத்துக்குப் பிறகு, பெண்களுக்காகவே என்று சொல்லி 2014 ஜனவரியில் 'நிர்பீக்' என்ற ரிவால்வரை அறிமுகப்படுத்தினார்கள். கான்பூரில் உள்ள அரசுத் துப்பாக்கித் தொழிற்சாலையின் தயாரிப்பு. எடை சுமார் 500 கிராம், .32 ரகம், ஆறு குண்டுகள். அன்றைய விலை ஏறக்குறைய 1.22 லட்சம் ரூபாய். நகைப் பெட்டி மாதிரி ஒரு மெரூன் பெட்டியில் வைத்துக் கொடுத்தார்கள். அதன் பிறகு இஷாப்பூர் தொழிற்சாலையில் இருந்து 'நிடர்' வந்தது. .22 ரகம், வெறும் 250 கிராம். 2023 ஆகஸ்டில் 'பிரபல்' வந்தது. எடை 700 கிராம், 50 மீட்டர் வரை சுடும் என்கிறார்கள் தயாரிப்பாளர்கள்.

ரீல்ஸில் வருகிற 9 எம்எம் பிஸ்டல் நமக்குக் கிடையாது. இங்கே அது தடை செய்யப்பட்ட ரகம். சாதாரண ஆளுக்கு வெளிநாட்டுத் துப்பாக்கியைப் புதிதாக இறக்குமதி செய்யும் வழியும் 1980களிலேயே அடைபட்டுவிட்டது. ஆக, கையில் கிடைப்பது பெரும்பாலும் .32, இல்லாவிட்டால் .22.

லைசென்ஸ் எப்படி?

அமெரிக்காவில் துப்பாக்கி வைத்திருப்பது அரசியல் சட்ட உரிமை. வெளியே எடுத்துப் போவதும் அந்த உரிமைக்குள் வரும் என்று 2022-ல் நியூயார்க் வழக்கு ஒன்றில் அந்த நாட்டு உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பாதிக்கும் மேற்பட்ட மாநிலங்களில் தனி அனுமதிகூடத் தேவையில்லை. அதனால் அங்கே ஒருத்தர் 'எது வாங்கலாம்' என்ற கேள்வியிலேயே ஆரம்பிக்க முடிகிறது.

இங்கே 'எதற்கு' என்பதுதான் முதல் கேள்வி. ஆயுதச் சட்டம் 1959, ஆயுத விதிகள் 2016 இரண்டும் சொல்வது சுருக்கமாக இதுதான்: வயது 21 முடிந்திருக்க வேண்டும். மாவட்ட ஆட்சியரிடமோ, கமிஷனரகம் உள்ள நகரம் என்றால் போலீஸ் கமிஷனரிடமோ விண்ணப்பிக்க வேண்டும். போலீஸ் விசாரிக்கும். பாதுகாப்பாகக் கையாளப் பயிற்சி எடுத்த சான்றிதழ் வேண்டும். வீட்டில் எங்கே, எப்படிப் பூட்டி வைப்பீர்கள் என்றும் சொல்ல வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலே, உயிருக்கு ஆபத்து இருக்கிறது என்று அதிகாரி நம்ப வேண்டும். 'ராத்திரி தனியா வர்றேன்' என்பது அவளுக்கு முழு உண்மை. ஆனால் அந்த ஒரு வரியை வைத்து லைசென்ஸ் கிடைப்பது கஷ்டம்.

முதலில் லைசென்ஸ், அதன் பிறகுதான் துப்பாக்கி. மறுத்தால் மேல்முறையீடு செய்யலாம். கிடைத்தால் ஐந்து வருஷம் செல்லும். எந்த எல்லை வரை செல்லும் என்பதும் அதிலேயே எழுதியிருக்கும். தேர்தல் அறிவித்தால் ஸ்டேஷனில் கொண்டு போய் ஒப்படைக்கச் சொல்லுவார்கள். அந்த வாரங்களிலும் அவளுக்கு நைட் ஷிப்ட் உண்டு.

மறைத்து எடுத்துப் போகலாமா?

இதில் ஒரு வேடிக்கை. பொது இடத்தில் கைத்துப்பாக்கி கொண்டு போனால் உறைக்குள் முழுக்க மூடித்தான் கொண்டு போக வேண்டும் என்று 2016 விதிகளே சொல்கின்றன. எடுத்து ஆட்டினால் லைசென்ஸே போய்விடும். மறைத்து வைப்பதற்கென்று இங்கே தனி அனுமதி கிடையாது, அதுதான் விதி. கல்யாண வீட்டில் வானத்தைப் பார்த்துச் சுட்டாலும் 2019 திருத்தத்தின்படி இரண்டு வருஷம் வரை சிறை, ஒரு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டுமே.

லைசென்ஸே இல்லாமல் நாட்டுத் துப்பாக்கியோ, 'பாதி விலைக்குத் தர்றேன்' என்று யாரோ மெசேஜ் அனுப்பும் சரக்கோ வாங்கினால் குறைந்தது இரண்டு வருஷம், அதிகபட்சம் ஐந்து வருஷம். அந்தப் பக்கமே போக வேண்டாம்.

சின்னது என்றால் சுலபமா?

ரீல்ஸ் சொல்லாத விஷயம் இதுதான். துப்பாக்கி சின்னதாக ஆக ஆக மறைப்பது சுலபம், சுடுவது கஷ்டம். குழல் குட்டை என்பதால் குறி பார்க்கும் இரண்டு முனைகளும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். கை மயிரிழை அசைந்தாலும் குண்டு எங்கேயோ போகும். எடை குறைவு என்பதால் சுடும்போது பின்னுக்கு உதைப்பது கையில் அதிகமாகத் தெரியும். பிடி சின்னது, சுண்டு விரலுக்கு இடம் இருக்காது. ரிவால்வரில் சுத்தியலை முதலில் பின்னுக்கு இழுக்காமல் நேராகச் சுட்டால் விசையை நன்றாக அழுத்தி இழுக்க வேண்டும். பயத்தில் கை நடுங்கும்போது இதெல்லாம் இரண்டு மடங்காகும். அரை கிலோ ரிவால்வரால் ஒழுங்காகச் சுட, முழு அளவுத் துப்பாக்கியை விட அதிகப் பயிற்சி வேண்டும். அதற்கு ரேஞ்சும் குண்டும் நேரமும் வேண்டும்.

இன்னொரு கணக்கு. 1983-ல் அமெரிக்கப் போலீஸ் பயிற்சியாளர் டென்னிஸ் ட்யூலர் ஒரு விஷயத்தை எழுதினார். கத்தியோடு ஓடி வருகிற ஆள் 21 அடியைக் கடக்க சுமார் ஒன்றரை நொடி போதும். இடுப்பு உறையில் துப்பாக்கி வைத்திருக்கும், பயிற்சி பெற்ற போலீஸ்காரர் அதை எடுத்துச் சுடவும் கிட்டத்தட்ட அவ்வளவு நேரம் ஆகும். இப்போது நம்ம ஆளை நினைத்துப் பாருங்கள். ஹெல்மெட் போட்டிருக்கிறாள். இரண்டு கையும் ஹேண்டில்பாரில். பேக் சீட்டுக்குக் கீழே, அதற்குள் டிபன் பாக்ஸ், சார்ஜர், குடை, அதற்கும் அடியில் துப்பாக்கி. செயின் பறிக்கிறவன் எதிரில் வந்து நிற்பதில்லை. பின்னாலிருந்து பைக்கில் வருவான், இழுப்பான், போய்விடுவான்.

போகிறவன் முதுகில் சுடலாமா? தற்காப்பு உரிமை சட்டத்தில் இருக்கிறது. பாலியல் வன்முறை, ஆசிட் வீச்சு, கடத்தல் போன்ற தாக்குதலில் எதிராளியின் உயிரே போனாலும் அது தற்காப்பாகலாம். ஆனால் தேவைக்கு மேல் தீங்கு செய்யக் கூடாது, ஆபத்து நீங்கிய பிறகு அந்த உரிமையும் நீங்கிவிடும். ஓடுகிறவனைச் சுட்டால் கோர்ட்டில் நிற்கப் போவது இவள்தான்.

துப்பாக்கி யார் மேல் திரும்புகிறது?

தமிழ்நாட்டில் எல்லாருக்கும் தெரிந்த கைத்துப்பாக்கிச் சம்பவம் ஒன்று உண்டு. 1967 ஜனவரி 12, ராமாவரம் தோட்டம். எம்.ஜி.ஆர். கழுத்தில் குண்டு பாய்ந்தது, எம்.ஆர்.ராதாவும் குண்டுக் காயத்தோடு ஆஸ்பத்திரிக்குப் போனார். இரண்டு பேரும் பிழைத்தார்கள். எம்.ஜி.ஆரின் குரல் மட்டும் பழையபடி திரும்பவே இல்லை. சுட்டவர் முகம் தெரியாத திருடன் இல்லை. கூட நடித்தவர், வீட்டுக்குள் வந்து பேசிக்கொண்டிருந்தவர்.

எனக்குப் பயம் இந்த இடத்தில்தான். துப்பாக்கி பேக்கில் இருக்கும் நேரத்தை விட வீட்டில் இருக்கும் நேரம் அதிகம். வீட்டில் குழந்தை இருக்கும், பங்காளிச் சண்டை இருக்கும், குடித்துவிட்டு வருகிற ஆள் இருப்பார், மனசு உடைந்து தூங்காத ராத்திரியும் இருக்கும். ரோட்டில் எடுக்க ஒன்றரை நொடி போதாத பொருள், வீட்டில் கைக்குச் சட்டென்று கிடைத்துவிடும்.

நிறைய லைசென்ஸ் கொடுத்தால் பாதுகாப்பு கூடும் என்பவர்களுக்கு ஒரு எண். மத்திய உள்துறை அமைச்சகக் கணக்கில் 2016 கடைசியில் நாடு முழுக்க சுமார் 33.69 லட்சம் துப்பாக்கி லைசென்ஸ்கள் இருந்தன. அதில் உத்தரப் பிரதேசத்தில் மட்டும் 12.77 லட்சம். அங்கே ராத்திரி தனியாக வண்டி ஓட்டுகிற பெண்கள் நம்மை விட நிம்மதியாக இருக்கிறார்கள் என்று யாராவது சொல்லக் கேட்டிருக்கிறீர்களா?

அப்போ யாருக்குமே வேண்டாமா?

அப்படிச் சொல்ல மாட்டேன். சாட்சி சொன்னதற்காக மிரட்டல் வருகிறவர், பெரிய தொகையோடு தினமும் பயணம் போகிறவர், தாக்குதலில் ஒரு தடவை தப்பியவர் என்று நிஜமான தேவை உள்ளவர்கள் இருக்கிறார்கள். லைசென்ஸ் கிடைத்தால் அவர்களுக்கு என் யோசனை: இருப்பதிலேயே சின்னதைத் தேடாதீர்கள், கைக்கு அடங்குவதைத் தேடுங்கள். ரேஞ்சில் தொடர்ந்து பயிற்சி எடுக்க முடியாது என்றால் வாங்காதீர்கள். ஹேண்ட்பேக்கில் போடாதீர்கள், உடம்போடு இருக்கும் உறையில் வையுங்கள். பூட்டுப் பெட்டிக்கு முதலில் காசு ஒதுக்குங்கள். வீட்டில் யாருக்காவது குடியோ மனச்சோர்வோ இருந்தால் அந்த எண்ணத்தையே விட்டுவிடுங்கள்.

இதையெல்லாம் சொல்லி முடித்ததும் தோழி கேட்டாள்: "சரிடி, நீ சொல்றது எல்லாம் கரெக்ட். நீ சொல்ற சட்டம் என் கூட வண்டியில வருமா? லைட்டு போடுற வரைக்கும் நான் என்ன பண்றது?"

நியாயமான கேள்வி. '112-க்கு அடி, 181-க்கு அடி, காவல் உதவி ஆப் போட்டுக்கோ' என்றேன். மூன்றும் தேவைதான், இன்றைக்கே போனில் ஏற்றி வைக்க வேண்டியவைதான். ஆனால் அவள் கேட்டதற்கு அது முழுப் பதில் இல்லை என்று எனக்கும் தெரியும். ராத்திரி ஷிப்டுக்கு ஆள் எடுக்கிற கம்பெனி வீட்டு வாசல் வரை வண்டி விட வேண்டும். இருட்டு ரோட்டுக்கு விளக்கு வேண்டும், பதினொரு மணிக்குப் பஸ் வேண்டும், ரோந்து வண்டி கண்ணில் பட வேண்டும். ஒரு பெண் வேலைக்குப் போய்வர 1.22 லட்சம் ரூபாய்க்கு ரிவால்வர் வாங்கிக்கொள்ளட்டும் என்பது, இதையெல்லாம் செய்ய வேண்டியவர்கள் செலவை அவள் தலையில் கட்டுவதுதான். நிர்பீக் வந்தபோதே எனக்கு உறுத்திய விஷயம் அது. பயப்பட வைத்தவர்களை விட்டுவிட்டு, பயந்தவளிடம் பில் நீட்டுகிறார்கள்.

நாங்கள் இப்போதைக்குச் செய்திருப்பது சின்ன வேலை. அவள் ஆபீஸில் அதே நேரத்துக்குக் கிளம்புகிற இன்னும் நான்கு பேர் ஒத்தக்கடைப் பக்கம்தான் வருகிறார்கள். ஐந்து பேரும் கம்பெனி வண்டி கேட்டு ஒரே மெயிலில் பெயர் போட்டு அனுப்பியிருக்கிறார்கள். விளக்கு இல்லாத அந்தத் துண்டு ரோட்டைப் போட்டோ எடுத்து மனுவும் எழுதியாச்சு, திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் கொடுக்கப் போகிறோம். பதில் வரும் வரை ஐந்து ஸ்கூட்டியும் சேர்ந்தே கிளம்புகின்றன.