ஊசிக்கு மாத்திரை துணை வரலாம், மாற்று ஆகாது!

கிழக்குக் கடற்கரைச் சாலையில் புதுச்சேரிக்கு பஸ்சில் போகிறவர்களுக்கு மரக்காணம் வந்துவிட்டது என்று யாரும் சொல்லத் தேவையில்லை. ஜன்னலுக்கு வெளியே பாத்தி பாத்தியாகத் தண்ணீர். கரையில் வெள்ளை வெளேரென்று உப்புக் குவியல். தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு உப்பு வாருகிற ஆண்கள், பெண்கள்.

இந்த உப்பு ஊருக்குள்ளும் சர்க்கரை வியாதி புகுந்து ரொம்ப நாளாகிறது. இந்தியாவில் 10 கோடிப் பேருக்கு சர்க்கரை வியாதி இருப்பதாக 2023-ம் ஆண்டு இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு சொன்னது. மரக்காணம் மட்டும் விதிவிலக்கா என்ன?

தெருவுக்கு நாலு வீட்டில் மாத்திரை இருக்கிறது. அதனால்தான் ஊசி போடுகிற ஒரு வீட்டைப் பார்த்து ஊரே யோசனை சொல்கிறது.

"ஏன்க்கா, பச்சப் புள்ளைக்கு தெனம் நாலு வாட்டி ஊசியா? எங்க வூட்டுக்காரரு பத்து வருஷமா மாத்திரையிலேயே ஓட்டுறாரு. அதுல ரெண்டு குடுத்துப் பாரேன்!"

சொல்கிறவருக்குக் கெட்ட எண்ணம் இல்லை. ஆனால் அந்த இரண்டு மாத்திரை ஒரு பிள்ளையின் உயிரோடு விளையாடக்கூடியது.

ஒரே பெயர், இரண்டு வியாதி

இரண்டுக்கும் பெயர் ஒன்றாகிப் போனதுதான் குழப்பத்துக்குக் காரணம்.

பெரியவர்களுக்கு வழக்கமாக வருவது இரண்டாம் வகை. அவர்கள் உடம்பில் இன்சுலின் சுரக்கிறது. அது சரியாக வேலை செய்வதில்லை, அல்லது போதவில்லை. அங்கே மாத்திரை எடுபடும்.

முதல் வகை வேறு. கணையத்தில் இன்சுலின் சுரக்கும் செல்களை உடம்பின் எதிர்ப்பு சக்தியே அழித்துவிடுகிறது. கடைசியில் சுரப்பு என்பதே அநேகமாக இல்லாமல் போகிறது. பெரும்பாலும் பிள்ளைகளுக்கும் இளவட்டங்களுக்கும் வருவது இதுதான். 20 வயதுக்கு உட்பட்ட முதல் வகை நோயாளிகள் உலகிலேயே அதிகம் உள்ள நாடு இந்தியா என்று சர்வதேச நீரிழிவு சம்மேளனம் 2021-ல் கணக்கு கொடுத்தது.

கிளிபென்கிளமைடு, கிளிமிபிரைடு போன்ற மாத்திரைகள் கணையத்தைத் தட்டி எழுப்பி இன்சுலினைச் சுரக்க வைப்பவை. எழுப்புவதற்கு அங்கே ஆள் இருந்தால்தானே? தண்ணீரே பாயாத பாத்தியில் பலகையைப் போட்டு இழுத்தால் உப்பு வருமா?

1922-க்கு முன்னால் இந்த வியாதி வந்த குழந்தைகளுக்கு வழி கிடையாது. பட்டினி போட்டுக் கொஞ்ச நாள் உயிரைப் பிடித்து வைப்பார்கள், அவ்வளவுதான். அந்த ஆண்டு ஜனவரியில் கனடாவின் டொரோண்டோ நகரில் 14 வயது லியோனார்ட் தாம்ப்சன் என்ற பையனுக்கு முதன்முதலாக இன்சுலின் ஊசி போடப்பட்டது. சாவின் வாசலில் இருந்த பையன் மேலும் 13 ஆண்டுகள் வாழ்ந்தான். நூறு வருஷம் கடந்தும் முதல் வகைக்கு அந்த ஊசி இல்லாமல் உயிர் இல்லை.

அப்படியானால் மாத்திரையே கூடாதா?

அப்படியும் சொல்ல முடியாது. ஊசி போடும் சிலருக்கு டாக்டர்களே மெட்பார்மின் சேர்த்துக் கொடுப்பது உண்டு. கல்லீரல் அளவுக்கு மீறி சர்க்கரையை வெளியே விடாமல் அது தடுக்கும். உடல் பருத்து, ஊசி மருந்தின் அளவு ஏறிக்கொண்டே போகிறவர்களுக்கு ஓரளவு உதவலாம்.

ஆனால் எவ்வளவு உதவும்? முதல் வகை நோய் உள்ள 428 பேரை வைத்து ஐந்து நாடுகளில் மூன்று ஆண்டுகள் சோதித்தார்கள். முடிவு 2017-ல் வந்தது. முதல் சில மாதங்கள் சர்க்கரை சற்றுக் குறைந்தது. பிறகு அந்தப் பலன் நிற்கவில்லை. எடை கொஞ்சம் இறங்கியது. வைட்டமின் பி-12 குறைபாடு கூடியது. ஆக, மெட்பார்மின் கைத்தடி. அது கால் ஆகாது.

ரத்தக்கொதிப்பு, தைராய்டு, கொழுப்பு ஆகியவற்றுக்கு டாக்டர் எழுதிக் கொடுக்கும் மாத்திரைகளின் கதை வேறு. ஊசியோடு அவற்றையும் சாப்பிடத்தான் வேண்டும்.

வெயிலும் புது மாத்திரையும்

உப்பளத்துக்காரர்கள் காது கொடுத்துக் கேட்க வேண்டிய சமாச்சாரம் இனிமேல்தான் வருகிறது.

சர்க்கரையை சிறுநீர் வழியாக வெளியேற்றும் ஒரு மாத்திரை ரகம் இருக்கிறது. டாபாகிளிப்ளோசின் அதில் ஒன்று. 2020-ல் அதன் காப்புரிமை இந்தியாவில் முடிந்தது. பல கம்பெனிகள் தயாரிக்க ஆரம்பித்தன. விலை இறங்கியது. இரண்டாம் வகைக்கும், இதயம், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கும் நல்ல மருந்துதான். மறுக்கவில்லை.

முதல் வகையில் கதை மாறுகிறது. உடல் பருத்தவர்களுக்கு மட்டும், ஊசியோடு சேர்த்துக் கொடுக்கலாம் என்று ஐரோப்பாவில் 2019-ல் அனுமதித்தார்கள். 2021-ல் தயாரித்த கம்பெனியே அந்த உபயோகத்தை அங்கே விலக்கிக்கொண்டது. இந்த ரகத்தில் உள்ள ஆபத்து, ரத்தத்தில் அமிலம் ஏறுவது.

சாதாரணமாக அமிலம் ஏறும்போது சர்க்கரையும் நானூறு, ஐந்நூறு என்று எகிறும். வீட்டில் உஷாராகிவிடுவார்கள். இந்த மாத்திரை சாப்பிட்டவர்களுக்கோ மீட்டரில் 180, 200 என்றுகூட காட்டும். "சர்க்கரை கன்ட்ரோல்லதானே இருக்கு" என்று வீட்டில் நிம்மதியாக இருப்பார்கள். உள்ளே அமிலம் ஏறிக்கொண்டிருக்கும்!

ஊசி அளவைக் குறைத்தாலும், சாப்பிடாமல் இருந்தாலும், உடம்பில் தண்ணீர் வற்றினாலும் இந்த ஆபத்து கூடும். உப்பளத்தில் விடியும் முன்பே இறங்கி வெயில் ஏறும்வரை வேர்த்துக் கொட்டுகிறவர் உடம்பில் தண்ணீர் எங்கே நிற்கும்?

வாந்தி, வயிற்று வலி, மூச்சிரைப்பு, தலைசுற்றல். இதுதான் அமிலம் ஏறியதற்கு அடையாளம். மரக்காணத்தில் இதைப் பார்த்தால் என்ன சொல்வார்கள்? "வெயில் தாக்கிடுச்சு, மோர் குடுத்துப் படுக்க வை." அந்த ஒரு ராத்திரி தாமதம் போதும், உயிர் போய்விடும்.

இன்னொரு வம்பு மெடிக்கல் ஷாப்பில் கவரில் போட்டுத் தரும் 'செட் மாத்திரை'. இடுப்பு வலி, கை கால் குடைச்சலுக்கு என்று வாங்குவது. அதில் ஸ்டீராய்டு கலந்திருந்தால் சர்க்கரை சரசரவென்று ஏறிவிடும். ஊசி போடுகிறவர்கள் அந்தக் கவரைத் தொடவே கூடாது.

ஊசியை ஏன் ஒளிக்கிறார்கள்?

இவ்வளவு ஆபத்து இருந்தும் மாத்திரையைத் தேடி ஓடுவது ஏன்? அறியாமை மட்டும்தானா? இல்லை. வெட்கம்.

ஊசி வெளியே தெரியும். மாத்திரை தெரியாது. வயசுப் பெண் உள்ள வீட்டில் கேட்டுப் பாருங்கள். "ஊசி போடுற பொண்ணுன்னு தெரிஞ்சா எவன் கட்டிக்குவான்?" என்று தாய் கண்ணைத் துடைத்துக்கொள்வாள். பெண் பார்க்க வரும் நாளில் ஊசி மருந்து அரிசிப் பானைக்குப் பின்னால் போய்விடும். கல்யாணத்துக்குப் பிறகு மாமியார் வீட்டில் ஊசியை மறைக்க மாத்திரைக்கு மாறும் பெண்ணை யார் காப்பாற்றுவது?

ஊசி போட்டுக்கொண்டே படித்து, வேலை பார்த்து, பிள்ளை பெற்று வாழ்கிறவர்கள் எத்தனையோ பேர். கண்ணாடி போடுவது குற்றமா? ஊசி போடுவதும் அப்படித்தான். இதை ஊர்ப் பெரியவர்கள் சொன்னால் ஊர் கேட்கும்.

பிரிட்ஜ் இல்லாத வீடுகளின் கஷ்டமும் உண்மைதான். திறக்காத மருந்து 2 முதல் 8 டிகிரி குளிர்ச்சியில் இருக்க வேண்டும். உபயோகத்தில் உள்ள மருந்தைப் பொதுவாக நான்கு வாரம் வெளியே வைக்கலாம், 30 டிகிரியைத் தாண்டாமல். ஈர மணலில் வைத்த மண்பானை அதற்குக் கைகொடுக்கும். வெயிலில் வெந்துபோன மருந்தை போட்டுவிட்டு "ஊசி கேட்கல" என்று மாத்திரைக்குத் தாவுவது நியாயமா?

என்ன செய்யலாம்?

'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் 2021 ஆகஸ்ட் 5-ந்தேதி தொடங்கியது. சர்க்கரைக்கும் ரத்தக்கொதிப்புக்கும் மாத்திரை வீட்டு வாசலுக்கே வருகிறது. நல்ல ஏற்பாடு. வேலையை விட்டுவிட்டு வரிசையில் நிற்க முடியாதவர்களுக்கு இது பெரிய உதவி.

அதோடு இன்னும் இரண்டு காரியம் நடந்தால் புண்ணியமாகப் போகும்.

ஒன்று, சர்க்கரை நோயாளியின் சீட்டில் எந்த வகை என்று கொட்டை எழுத்தில் எழுத வேண்டும். முதல் வகை என்றால், "ஊசியை நிறுத்தக் கூடாது" என்று சிவப்பு மையில் எழுதினால்கூட தப்பில்லை. முப்பது வயதுக்கு மேல் முதல் வகை வருகிறவர்களும் உண்டு. அவர்களை இரண்டாம் வகை என்று நினைத்து மாத்திரையிலேயே ஓட்டுவது நடக்கிறது. ஒல்லியான உடம்பு, மாத்திரை எடுபடவில்லை என்றால் சி-பெப்டைடு போன்ற ரத்தப் பரிசோதனை செய்தால் உண்மை தெரிந்துவிடும்.

இரண்டு, அமிலம் ஏறுவதைக் காட்டும் கீட்டோன் பட்டை உப்பளப் பகுதி ஆரம்ப சுகாதார நிலையங்களில் எப்போதும் கையிருப்பில் இருக்க வேண்டும். சிறுநீரில் நனைத்தால் நிறம் மாறும் சின்னப் பட்டைதான். ஊசி போடுகிறவர் வாந்தி என்று வந்தால், வெயிலா அமிலமா என்று அங்கேயே பார்த்துவிடலாம்.

ஊசி போடும் வீடுகளும் ஒன்றை மனதில் வைக்க வேண்டும். ஊசியோடு எந்த மாத்திரை சேர்ந்தாலும் அது டாக்டர் கையால் வரட்டும். பக்கத்து வீட்டு டப்பாவிலிருந்து வேண்டாம்.

பக்கத்து வீட்டில் உப்பு கடன் வாங்கலாம். மாத்திரையைக் கடன் வாங்கலாமா?

சுகாதாரத் துறை அதிகாரிகள் அந்த இரண்டு காரியத்தையும் கவனிப்பார்களா?